ஒரே அறை, நாலு நிலை: 31 பிள்ளைகளை ஒரே ஆசிரியர் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி இதுதான்: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, இரண்டே ஆசிரியர்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புகள் சேர்ந்து ஒரே அறையில் 31 பிள்ளைகள். சிலருக்கு எழுத்தே கூடவில்லை. சிலர் எதைக் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு "அடுத்து என்ன டீச்சர்?" என்று வந்து நிற்கிறார்கள். பாடத்தையும் முடிக்க வேண்டும், யாரையும் விட்டுவிடவும் கூடாது. வகுப்பை மெல்லக் கற்போர், மீத்திறன் மிக்கோர் என்று இரண்டாகப் பிரித்துவிடலாமா?

பிரிக்கலாம். நாள் முழுக்க வேண்டாம். எல்லாப் பாடத்துக்கும் ஒரே பிரிவும் வேண்டாம். தமிழ் வாசிப்புக்கு ஒரு மணி நேரம், கணக்குக்கு ஒரு மணி நேரம், அந்த இரண்டு மணி நேரம் மட்டும் நிலைவாரியாக உட்காரட்டும். மீதி நேரம் எல்லாரும் ஒரே வகுப்பு. வாசிப்பில் கடைசிக் குழுவில் இருக்கும் பையன் கணக்கில் முதல் குழுவில் இருக்கலாம். அடிக்கடி அப்படித்தான் இருக்கும். "மெல்லக் கற்போர்" என்பது பதிவேட்டில் எழுத வசதியான சொல். அதை வைத்துக்கொண்டு நாளைக் காலை என்ன சொல்லிக்கொடுப்பது என்று முடிவுசெய்ய முடியாது. "இவனுக்குக் கொம்பு போட்ட எழுத்து வந்தால் நின்றுவிடுகிறது", "இவளுக்கு நடுவில் பூஜ்யம் வந்தால் கழித்தல் தடுமாறுகிறது" என்ற அளவுக்குத் தெரிந்தால்தான் வேலை நகரும்.

மூன்றாவது ஆசிரியர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கே தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான்.

முதல் வேலை, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வது. எழுத்துத் தேர்வு இதற்கு உதவாது. பக்கத்துப் பையனின் தாளும், கரும்பலகையில் மிச்சமிருக்கும் விடையும் சேர்ந்து உங்களை ஏமாற்றிவிடும். ஒரு பிள்ளைக்கு நாலு நிமிடம் என்றால் 31 பேருக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரு நாளைக்கு ஆறேழு பேர் வீதம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம், பிள்ளைகளின் வாசிப்பு, கணக்கு நிலையை அளக்கும் தன் ஏசர் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்தும் படிகளே போதும்: எழுத்து, சொல், பத்தி, கதை. ஒரு தாளில் பத்து எழுத்து, பத்து சின்னச் சொல், நாலு வரிப் பத்தி ஒன்று, பத்து வரிக் கதை ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். பத்தியில் ஆரம்பியுங்கள். தடுமாறினால் சொல்லுக்கு இறங்குங்கள், சரளமாகப் போனால் கதைக்கு ஏற்றுங்கள். எழுத்திலிருந்து தொடங்கினால் நன்றாகப் படிக்கும் பிள்ளை சலித்துவிடும், படிக்காத பிள்ளை மேலே போகப்போகத் தோற்றுக்கொண்டே போவதாக உணரும்.

ஒரு எச்சரிக்கை. பாடப்புத்தகத்தில் இருக்கும் பத்தியைக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் அதைக் காதால் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியில் போகும். சந்தேகம் வந்தால் பத்தியின் நடுவில் ஒரு சொல்லைக் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். மனப்பாடக்காரர் பத்தியின் முதல் வரியிலிருந்து மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வந்துதான் பதில் சொல்வார்.

உங்கள் வகுப்பில் ஏழு பேர் எழுத்து நிலை, ஒன்பது பேர் எழுத்து தெரிந்தும் சொல் கூடாதவர்கள், பத்துப் பேர் பத்தி வரை, ஐந்து பேர் சரளம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். பொதுவாக எல்லாருடைய கவனமும் அந்த ஏழு பேர் மேல்தான் போகும். ஆனால் சீக்கிரம் பலன் தெரிவது நடுவில் இருக்கும் ஒன்பது பேரிடம். ஒரு கைத்தூக்கல் போதும், நகர்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு எங்கே சிக்குகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

"படம்" என்ற சொல்லைக் கொடுத்தால் அந்தப் பிள்ளை "பானா, டானா, இம்" என்று சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். மூன்று எழுத்தும் சரி. ஆனால் பானா, டானா, இம் மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் "படம்" வராது. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. அதிலும் புள்ளி எழுத்துதான் பெரிய முட்டுக்கட்டை. "ம்" என்பதைத் தனியாகச் சொல்ல முடியாததால் முன்னால் ஒரு "இ" ஒட்டிக்கொள்கிறது, "பட-இம்" ஆகிவிடுகிறது. அதனால் இந்தக் குழுவுக்குப் புள்ளி எழுத்தைத் தனியாகக் காட்டவே வேண்டாம். முன்னெழுத்தோடு சேர்த்து ஒரே துண்டாகக் காட்டுங்கள்: கல், பல், மண், கண், டம், ரம், கம். ஒரு வாரம் இந்த இரண்டெழுத்துத் துண்டுகள் மட்டும். அடுத்த வாரம் அதன் முன்னால் ஓர் எழுத்தை ஒட்டுங்கள். ப-டம், ம-ரம், ப-கல். பானா, டானா சொல்வதை நீங்களும் அந்த மணி நேரத்தில் விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது சிக்கல் கொம்பு. துணைக்கால் எழுத்துக்குப் பின்னால் வருகிறது, கண் போகும் திசையிலேயே ஒலியும் போகிறது. கா, மா, பா தொந்தரவு தருவதில்லை. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ வகையில் கொம்பு முன்னால், கால் பின்னால். அந்தக் காலைப் பிள்ளை "ர" என்றே பார்க்கிறது. "கொடி" என்பதை "கெரடி" என்று படிக்கும் பிள்ளை கவனமில்லாமல் படிக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை வரிசை தப்பாமல் படித்திருக்கிறது. அடித்தோ அதட்டியோ இது தீராது. கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் ஒரே வண்ணத்தில் எழுதி ஒரு வட்டம் போட்டு, "வட்டத்துக்குள் ஒரே ஒலி" என்று பத்து நாள் பழக்குங்கள். கெ-கே-கை முதலில், கொ-கோ பிறகு. கௌ வரிசையில் நேரம் செலவிட வேண்டாம். அந்த எழுத்து வரும் சொற்களே கொஞ்சம்.

மூன்றாவது உகர வரிசை. மற்றக் குறிகளெல்லாம் 18 மெய்யிலும் கிட்டத்தட்ட ஒரே வடிவம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, லை, ளை போன்றவையும் ஒழுங்குக்கு வந்துவிட்டன. உகரமும் ஊகாரமும் மட்டும் பழையபடியே நிற்கின்றன. அதைக் கு, ஙு, சு என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தால் ஒவ்வொன்றும் புது எழுத்தாகவே தோன்றும். வடிவம் பார்த்துக் கூட்டிவையுங்கள்: கீழே கோடு தொங்கும் சு, பு, யு, வு ஒரு கூட்டம், வளைந்து சுற்றும் கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம், காலை மடக்கி மேலே ஏறும் ணு, து, நு, லு, று, னு ஒரு கூட்டம். ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம்.

இந்த நிலையில் ல-ள-ழ, ன-ண, ர-ற பிழைகளைத் திருத்தாதீர்கள். சிவப்பு மையைப் பூட்டி வையுங்கள். படிக்கத் தொடங்கி மூன்று மாதம் கழித்து அதற்கு நேரம் வரும். அதேபோல் படிப்பதும் எழுதுவதும் ஒன்றாக நடக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். எழுதுவது எப்போதும் சில வாரம் பின்தங்கியே வரும்.

எழுத்து நிலையில் இருக்கும் ஏழு பேருக்கு ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுப்பதுதான் பரவலாக நடக்கும் தவறு. பத்து வயதுப் பையன் தன் தங்கையின் புத்தகத்தை எல்லார் முன்னாலும் விரிக்க மாட்டான். விரித்தாலும் மனசு அதில் இருக்காது. அவன் வயதுக்கு ஏற்ற பொருளில் எளிய எழுத்து வேண்டும். வகுப்பு வருகைப் பட்டியலில் இருக்கும் பெயர்கள், ஊருக்கு வரும் பஸ்ஸின் பலகை, தெருக் கடைகளின் பெயர், ரேஷன் கடைப் பலகையில் அரிசி, பருப்பு, சர்க்கரை. 31 பெயரை அட்டையில் எழுதிப் போட்டால் முதல் வாரத்திலேயே தன் பெயர், நண்பன் பெயர், பிடிக்காதவன் பெயர் எல்லாம் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பெயர்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு புது எழுத்துக்கு மேல் வேண்டாம். நேற்றையதும் முந்தாநாளையதும் சேர்த்து ஆறு எழுத்துப் புழங்கட்டும்.

இனி அந்த ஒரு மணி நேரம். முதல் பத்து நிமிடம் எல்லாருக்கும் பொது: நீங்கள் ஒரு கதையையோ செய்தியையோ உரக்கப் படிக்கிறீர்கள், பேசுகிறார்கள். பேச்சில் எழுத்துத் தெரியாத பிள்ளை பல சமயம் முதல் ஆளாக நிற்கும். அது நடக்க வேண்டும். அடுத்த இருபது நிமிடம் எழுத்துக் குழுவோடு உட்காருங்கள், பிறகு பதினைந்து நிமிடம் சொல் குழுவோடு, பத்து நிமிடம் மீதி 15 பேரோடு. கடைசி ஐந்து நிமிடம் நோட்டுகளைப் பார்வையிட. இதில் உட்காருங்கள் என்பது முக்கியம். நின்றுகொண்டு மூன்று குழுவையும் ஒரே நேரத்தில் பார்க்க முயன்றால் எந்தக் குழுவுக்கும் நீங்கள் கிடைக்க மாட்டீர்கள்.

திட்டம் உடைவது வேறு இடத்தில்: நீங்கள் இல்லாத இரண்டு குழுவும் என்ன செய்கின்றன? புது வேலையைக் கொடுத்துவிட்டுப் போனால் மூன்றாவது நிமிடம் சந்தேகம் கேட்டு வந்துவிடுவார்கள். ஆசிரியர் இல்லாத நேரத்து வேலை எப்போதும் நேற்றே அவர்களுக்கு வந்துவிட்ட வேலையாக இருக்க வேண்டும். அட்டையின் பின்பக்கம் விடை இருக்க வேண்டும். இரண்டிரண்டு பேராகச் செய்ய வேண்டும். சொல் குழுவில் ஒருவர் அட்டையைக் காட்ட மற்றவர் படிப்பது, பத்திக் குழுவில் ஒருவர் படிக்க மற்றவர் இரண்டு கேள்வி கேட்பது. "மூன்று பேரிடம் கேட்டுவிட்டு என்னிடம் வா" என்ற சட்டத்தை முதல் வாரமே போட்டுவிடுங்கள். சத்தம் இருக்கும். வராண்டாவில் போகிறவர் எட்டிப் பார்ப்பார், பரவாயில்லை.

இப்படிப் பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பது நமக்கு வெளியிலிருந்து வந்ததும் இல்லை. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் காப்பகப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்து, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை அமைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட, "மெட்ராஸ் முறை" என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் பரவியது. ஆனால் சட்டாம்பிள்ளை முறையின் குறையையும் மறக்கக் கூடாது. நன்றாகப் படிக்கும் அந்த ஐந்து பேரையே தினமும் குட்டி ஆசிரியர் ஆக்கினால் அவர்கள் கற்பது நின்றுவிடும், மற்றவர்களுக்கு அவர்கள் மேல் எரிச்சல் வரும். வாரத்துக்கு இரண்டு நாள் போதும், அதுவும் ஆளை மாற்றி மாற்றி.

அந்த ஐந்து பேருக்கு அதே கணக்கு இன்னும் பத்து கொடுப்பதும் தண்டனைதான். சீக்கிரம் முடித்ததற்குக் கூலி கூடுதல் வேலை என்று தெரிந்தால் மெதுவாகச் செய்யப் பழகிவிடுவார்கள். எல்லாரும் சேர்ந்து செய்யக்கூடிய, ஆழம் மட்டும் மாறுகிற வேலை ஒன்றைப் பாருங்கள். ஆளுக்கு 24 புளியங்கொட்டை. சமமான வரிசைகளாக எத்தனை விதத்தில் அடுக்கலாம்? எண்ணத் தடுமாறும் பிள்ளை இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக வைத்துப் பார்க்கும். நடுக்குழு 2×12, 3×8, 4×6 என்று எழுதிவிட்டு, ஒரே வரிசையில் 24 என்பதையும் சேர்க்கும். சரளக் குழுவுக்குக் கேள்வியை நீட்டுங்கள்: 50-க்குள் அதிக விதமாக அடுக்க வருகிற எண் எது? 36, 48 இரண்டுக்கும் ஐந்தைந்து விதம் வரும். அதில் 36-க்கு மட்டும் ஒரு அடுக்கு சதுரமாக நிற்கும், ஏன் என்று கேட்டால் அன்றைய பீரியட் முழுக்க அவர்கள் உங்களைத் தேட மாட்டார்கள். பகா எண், வர்க்கம் என்ற சொற்களைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

கணக்கில் குழு பிரிக்கத் தவறான விடைதான் நல்ல வழிகாட்டி. 304-லிருந்து 128-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். சரியான விடை 176. 224 என்று எழுதியவர் ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறார். கடன் வாங்குவது என்றாலே என்னவென்று தெரியவில்லை. 186 என்று எழுதியவருக்குக் கடன் வாங்கத் தெரியும். பத்து ஒன்றைக் கொடுத்த பிறகு பத்துகள் ஒன்பதாகிவிட்டதை மறந்துவிட்டார். 126 வந்தால் நூறிலிருந்து நேரே ஒன்றுக்குத் தாவியிருக்கிறார், நடுவில் இருக்கும் பூஜ்யத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. மூன்றுக்கும் மதிப்பெண் பூஜ்யம்தான், மருந்து மூன்றும் வேறு. முதலாமவர் ஈர்க்குச்சிக்கே போக வேண்டும்: பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட கட்டு, 52-லிருந்து 27 எடுக்கக் கட்டைப் பிரிக்கிற வேலையைக் கையாலேயே இருபது முறை செய்யட்டும். இரண்டாமவருக்குக் குச்சி வேண்டாம், கடன் கொடுத்த இலக்கத்தை அடித்து மேலே புது எண்ணை எழுதும் பழக்கம் போதும். இரண்டு நாளில் சரியாகும். மூன்றாமவருக்கு நூறு, பத்து, ஒரு ரூபாய் விளையாட்டு நோட்டுகளைக் கொடுத்துச் சில்லறை மாற்றச் சொல்லுங்கள். நூறு ரூபாய் நோட்டை ஒற்றை ரூபாயாக மாற்றப் போனால் நடுவில் பத்து ரூபாய் நோட்டுகள் வந்துதான் தீரும் என்று கை சொல்லிக்கொடுக்கும்.

பாடத்திட்டத்தை எப்படி முடிப்பது என்ற கவலை நியாயமானது. அறிவியல், சமூக அறிவியலில் எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே செய்முறை, வெளிப்படுத்தும் விதம் மட்டும் வேறு. படம் வரைந்து பெயரெழுதுவது, கேட்டதை வாய்விட்டுச் சொல்வது, ஐந்து வரி எழுதுவது, எல்லாமே விடைதான். படிக்கத் தெரியாததால் ஒரு பிள்ளை அறிவியலும் தெரியாதவராகிவிடக் கூடாது.

புது ஏற்பாடு எதுவும் செய்யாமலேயே உங்களிடம் பாதி இருக்கிறது. செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்தபோது பாட அட்டைகளும், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படியும் ஒவ்வொரு பிள்ளையையும் அதன் வேகத்தில் விட்டன. யோசனை நல்லது. ஆனால் பல இடங்களில் ஆசிரியர் அட்டை எடுத்துக்கொடுப்பவராகவும், பிள்ளை அட்டையோடு தனியாகவும் ஆகிப்போனது. சேர்ந்து பேசுவது குறைந்துபோனது. 2022 ஜூனில் வந்த, அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் குழுவாக்கியது, அடுத்த ஆண்டே நான்கு, ஐந்தாம் வகுப்புக்கும் வந்தது. அந்தத் திட்டத்தின் பயிற்சி நூல்களைப் பக்க வரிசையில் முடிக்காமல், அந்தந்த நிலைக்கு வேண்டிய பக்கங்களை எடுத்துப் பயன்படுத்துங்கள். ஒன்று மட்டும்: எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும் எது கீழ், எது மேல் என்று ஒரே வாரத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயரால் காக்க முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி அந்த நாலு நிமிடச் சோதனையை நடத்தி ஆட்களை மாற்றினால்தான் அந்தப் பெயர் ஒட்டாமல் இருக்கும்.

கடைசியாக, குறைபாடு இருக்குமோ என்ற கேள்வி. அதற்கு முன்னால் கண்ணும் காதும். கரும்பலகையிலிருந்து எழுதினால் தப்பும் பிள்ளை, புத்தகத்திலிருந்து எழுதினால் சரியாக எழுதுகிறதா? பின்னாலிருந்து மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? சந்தேகம் இருந்தால் ஆண்டுதோறும் பள்ளிக்கு வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடம் பெயரோடு எழுதிக்கொடுங்கள். முன்வரிசை இடம், ஜன்னல் வெளிச்சம் பிள்ளைக்குப் பின்னாலிருந்து வருவது, நீங்கள் பேசும்போது முகம் தெரிவது, இவற்றுக்குச் சான்றிதழ் தேவையில்லை, நாளைக்கே செய்யலாம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. டிஸ்லெக்ஸியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. அதற்கு எட்டு வயதுக்கு மேல்தான் சான்றிதழ் தருவார்கள், 14, 18 வயதுகளில் மறுபடி பார்ப்பார்கள். உங்கள் பிள்ளைகள் எட்டு வயதைத் தாண்டியவர்கள். ஆனால் சரியாகச் சொல்லிக்கொடுக்கப்படாததையும் குறைபாட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதனால் வரிசை இப்படி: முதல் ஆறு வாரம் மேலே சொன்னபடி தினமும் வேலை. சோதனையில் நகரவில்லை என்றால் குழுவை மாற்றாமல் முறையை மாற்றுங்கள், அதே எழுத்தை மணலில், உப்புத்தாளில் விரலால் எழுதிப் பழகட்டும். அடுத்த ஆறு வாரமும் அதே இடத்தில் நின்றால், பேச்சிலும் விளையாட்டிலும் கெட்டியாக இருந்தும் எழுத்து மட்டும் நேற்றுத் தெரிந்தது இன்று மறந்துபோகிறது என்றால், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்போது "படிக்க மாட்டேங்கிறான்" என்று மட்டும் சொல்லாமல், பன்னிரண்டு வாரத்தில் எந்த எழுத்து, எந்தச் சொல், எத்தனை முறை என்று குறித்த ஒரு தாளையும் பிள்ளையின் நோட்டையும் கையில் கொடுங்கள். பின்னால் பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதுபவரோ கேட்கும்போது சான்றிதழ்தான் பேசும். அந்தச் சான்றிதழுக்குப் போகும் பாதை உங்கள் தாளிலிருந்து தொடங்குகிறது. பெற்றோரிடம் அதன் நகல் ஒன்று இருக்கட்டும்.